வாசலில் பார்த்த செருப்பு

1

கடல் தாண்டிப் போனவர்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் மலை தாண்டி வந்தவள் எழுதலாமா என்று இதழின் ஆசிரியரிடம் கேட்டேன். அவள் என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். "உன் ரேஷன் கார்டு எந்த ஊர்ல இருக்கு? அப்ப நீயும் பரதேசிதான், எழுது" என்று சொல்லிவிட்டாள். தென்காசியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருவனந்தபுரம் வந்துவிடலாம். ஆனாலும் எங்கள் தெருவில் இன்றைக்கும் என்னைப் பற்றிக் கேட்டால் "அவ மலையாளத்துக்குப் போயிட்டா" என்றுதான் சொல்கிறார்கள். துபாய்க்குப் போனவர்களைக்கூட இவ்வளவு தூரத்தில் வைத்துப் பேசுவதில்லை.

போன மாதம் நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருபது வருடம் முடிந்தது. ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நிர்வாக அலுவலர் ஒருவர் என்னைப் பற்றி எழுதி வைத்திருந்ததை வாசித்தார். "இருபது வருஷத்தில் ஒரு பிழைகூடச் செய்யாதவர்" என்று அதில் ஒரு வரி வந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் பிந்து குனிந்துகொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அவருக்கும் எனக்கும் அந்தப் பிழை தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ். பன்னிரண்டு வருடம் வார்டில் இருந்தேன். அதற்குப் பிறகு டாக்டர் பிந்து என்னை ஆராய்ச்சி நர்ஸாக எடுத்துக்கொண்டார். இதை ஊரில் சொன்னபோது என் அண்ணன், கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவேன் என்று நினைத்துக்கொண்டான். நான் ஒரு குழாயையும் தொட்டதில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நடத்தும் ஆராய்ச்சி வேறு மாதிரி. காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்து, மூன்று மணிக்கு ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "நாம் கொடுக்கிற இந்த வைத்தியம் நிஜமாகவே உதவுகிறதா, இல்லை நாமே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோமா?" என்று உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேட நூற்றுக்கணக்கான படிவங்கள் வேண்டும். அவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிற ஆள் நான்.

டாக்டர் பிந்துவின் கேள்வி கால்களைப் பற்றியது. சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். ஆணி குத்தினாலும் தெரியாது. புண் வரும், ஆறும், மறுபடி வரும். ஒரு நாள் விரலை எடுக்க வேண்டிவரும், பிறகு பாதத்தை. அளவெடுத்துச் செய்த மெத்தென்ற செருப்பைப் போட்டால் ஆறின புண் திரும்பி வராமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. செருப்பை ஆஸ்பத்திரிப் பட்டறையிலேயே செய்து கொடுத்தோம். நான் மாதம் ஒரு முறை ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், செருப்பைப் போடுகிறாரா என்று பார்த்துக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும்.

கேட்க எளிது. அந்தக் கட்டத்தை உண்டாக்கவே ஏழு மாதம் ஆனது. மனிதர்களை வைத்து எந்த ஆய்வு செய்தாலும் நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். சாலை என்று சொல்கிற பெரிய கடைவீதியிலும் கரமனை அக்ரகாரத்திலும் எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் தமிழர்கள். அதனால் ஒப்புதல் படிவம் தமிழிலும் வேண்டும் என்றார்கள். நான் எழுதினேன். அதை மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒன்றுதான் என்று வேறொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டோம். பக்க எண் இல்லை என்று திருப்பினார்கள். பக்க எண் போட்டோம். பதிப்பு எண் இல்லை என்று திருப்பினார்கள். நான் குழுவின் கிளார்க்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக, "சிஸ்டரே, ஆளுகளுடெ காலல்லே" என்றார். ஆட்களுடைய கால் அல்லவா, ஒழுங்காகச் செய்ய வேண்டாமா என்று அர்த்தம். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பதிப்பு எண் போட்டேன்.

3

என் வீடு கரமனையில், ஆற்றுக்கு ஒரு தெரு தள்ளி. கணவர் சாலைக் கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறார். அந்த வேலைக்காகத்தான் இங்கே வந்தோம். மகள் மலருக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள். அதட்டினால் தமிழில் சொல்வாள், ஆனால் அந்தத் தமிழ் பாட்டு மாதிரி இழுக்கும். தென்காசிக்குப் போனால் என் அண்ணன் பிள்ளைகள் அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் இதற்காக ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. எனக்கு மலையாளத்தில் எழுத்துப் பிழை வரும், அவளுக்குத் தமிழில் வரும். என் மலையாளப் படிவங்களை அவள் திருத்துகிறாள், அவளுக்கு நான் தமிழ் வாரப் பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வீட்டுக்கு இது போதும் என்று தோன்றிவிட்டது.

ஊரில் இருந்து கொண்டுவந்ததில் எது போனாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் என் கால் தானாகவே செருப்பை வாசலில் உதறிவிடும். வாசலில் செருப்புகள் ஒழுங்காக இருந்தால் அந்த வீட்டின் மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிடும். என் அம்மாவுக்கும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன வீடுகளையே அவள் வாசலை வைத்துத்தான் எடை போட்டாள். இதை ஒரு நல்ல குணமாகத்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

எங்கள் ஆய்வில் இருந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ராமசேஷன். கல்யாணச் சமையல்காரர், அறுபதை நெருங்குகிறவர், கரமனை அக்ரகாரத்திலேயே பிறந்தவர். அவர் பாலடைப் பிரதமன் என்கிற பாயசம் வைத்தால் முகூர்த்தத் தேதியையே அவருக்காக மாற்றுவார்கள் என்று தெருவில் பேச்சு. மூன்று வருடம் முன்பு வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அன்று ஒரு படிவத்தோடு வார்டுக்குப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இனி அடுப்படியில நிக்கலாமோ?" என்பதுதான்.

அதுதான் அவருக்கு எல்லாம். நிற்க முடியாத சமையல்காரரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு பெரிய கல்யாணம் என்றால் விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை நிற்க வேண்டும். எங்கள் செருப்பை வாங்கிக்கொண்டபோது அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அந்த மனுஷன் மேல் இரக்கமும், எங்கள் செருப்பின் மேல் பெருமையும் ஒன்றாக வந்தது.

மாதா மாதம் அவர் வீட்டுக்குப் போவேன். வாசலில் வலப்பக்கம், கோலத்தில் படாமல், அந்தச் செருப்பு ஜோடி சேர்த்து வைத்திருக்கும். துடைத்து வைத்திருப்பார். அடியில் தேய்ந்திருக்கும், அதனால் போட்டு நடக்கிறார் என்று தெரியும். எனக்குப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிடும். என் செருப்பையும் பக்கத்தில் கழற்றி வைப்பேன். உள்ளே போனால் அவர் மனைவி, நாங்கள் எல்லோரும் மாமி என்று கூப்பிடுகிறவர், காப்பி கொடுப்பார். ராமசேஷன் எதிரில் உட்கார்ந்து பேசுவார். கோயிலுக்கு, கடைக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எங்கே போனாலும் அந்தச் செருப்பு இல்லாமல் போவதில்லை என்பார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நான் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்புவேன்.

சாலையில் அரிசி மண்டிச் சுமைக்காரர்கள் வீட்டிலும் இதே கதைதான். எல்லா வாசலிலும் செருப்பு இருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. டாக்டர் பிந்து என் தாள்களைப் பார்த்து, இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற நோயாளிகளை இதுவரை கண்டதில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5

ஒன்பதாவது மாதம் ராமசேஷன் ஓபிக்கு வந்தார். காலில் என்னவோ நீர் கசிகிறது, வலியில்லை என்றார். வலியில்லை என்பதுதான் அந்த நோயில் பயப்பட வேண்டிய வார்த்தை. வெட்டின விரலுக்குப் பக்கத்தில், உள்ளங்காலில், காசு அளவுக்குப் புண். டாக்டர் பிந்து விளக்கைக் கிட்டே இழுத்து, இடுக்கியை விட்டு மெல்ல எதையோ வெளியே எடுத்தார். எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டபோது 'டிக்' என்று சத்தம் கேட்டது. தேங்காய்ச் சிரட்டையின் சில்லு, நகம் வெட்டினது போல ஒரு துண்டு.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சிஸ்டரே, செருப்பு இட்ட காலில் சிரட்டை எங்ஙனெ கயறும்?"

செருப்புப் போட்ட காலில் அது எப்படி ஏறும்? எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நான் பார்த்தேயிராத அவர் வீட்டு அடுக்களை கண் முன்னால் வந்தது. விடியற்காலையில் தேங்காய் துருவுகிற இடம் வந்தது. அத்தனை மாதமும் மாமி காப்பியோடு தாண்டி வந்த அந்த அடுக்களை வாசற்படிக்கு அப்பால் நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. நான் போகிற நேரமெல்லாம் அவர் எதிரே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். செருப்பு வாசலில் இருந்தது, நான் அதைப் பார்த்து மகிழ்ந்து டிக் போட்டேன். வாசலில் இருக்கிற செருப்பு காலில் இல்லை என்பது ஒரு குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் செருப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. வேறு எங்கே இருந்திருந்தாலும் கவனித்திருப்பேன்.

ராமசேஷனிடம் கேட்டேன். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

"அடுக்களைக்குள்ளே செருப்போட போறதா? என்ன சிஸ்டர் பேசறேள்? ஆத்துல தீப்பிடிச்சாக்கூட நான் அதைப் பண்ண மாட்டேனாக்கும்."

அவர் ஒரு நாளில் பாதிக்கு மேல் நிற்பது அடுக்களையில். தெருவில் நடப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இத்தனை பாடுபட்டுச் செருப்பு செய்திருக்கிறோம்.

6

அன்று சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போய் நின்றேன். ஒன்பது மாதத் தாள்களும் கையில் இருந்தன. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. இந்த டிக்குகள் எல்லாம் வாசலில் போட்டவை, இவற்றை நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் வராந்தாவில் இரண்டு தரம் நடந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செருப்பு பயன்படவில்லை என்று ஆய்வு முடிந்திருக்கும். நல்ல செருப்பின் மேல் பழி விழுந்திருக்கும், ராமசேஷன்கள் வெறுங்காலோடு நின்றுகொண்டே இருந்திருப்பார்கள்.

டாக்டர் என் கையிலிருந்த தாள்களை வாங்கிப் புரட்டினார். பிறகு தன் வீட்டிலும் எல்லோரும் செருப்பை வெளியேதான் விடுகிறார்கள் என்றும், படிவத்தை எழுதியபோது தனக்கும் இது தோன்றவில்லையே என்றும் சொன்னார். அந்தத் தாள்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றையும் அழிக்காமல், நடந்ததை நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். பிழை என்னுடையது என்று நான் எழுதின வரியை 'எங்களுடையது' என்று திருத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேறு எந்த ஊரில் எனக்கு இப்படி ஒரு மேலதிகாரி கிடைத்திருப்பாரோ தெரியாது.

எல்லோருக்கும் வீட்டுக்குள் போட இரண்டாவது ஜோடி கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். தோல் கிடையாது, ரப்பரும் நீலத் துணிப் பட்டையும் மட்டும். தெரு மண்ணே படாத செருப்பு. குழு ஒன்பது பிரதி கேட்டது, எழுத்துப் பிழை இரண்டு கண்டுபிடித்தது, கடைசியில் ஒப்புதல் தந்தது. இந்த முறை நான் கிளார்க்கோடு சண்டை போடவில்லை.

ராமசேஷனின் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. அதற்குப் பிறகு புது ஜோடியைப் புதுத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ராமசேஷன் பையைத் தொடவே மாட்டேன் என்றார். சாமி கோபித்துக்கொள்வார் என்றார், சமையல் தீட்டாகும் என்றார், அப்பா காலத்தில் என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி, நான் சொல்லுதத ஒரு நிமிஷம் கேளுங்க. ஒரு விரல் போயாச்சு. பாதமும் போச்சுன்னா நீங்க எந்த அடுப்படியிலயும் நிக்க முடியாது. எனக்கு உங்க சாமிகிட்ட பேசத் தெரியாது. உங்க கால்கிட்டதான் பேசத் தெரியும்."

 உள்ளேயிருந்து மாமி வந்தார். பையைப் பிரித்துச் செருப்பைக் குழாயடியில் கழுவி, அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய்த் தன் கையால் வைத்தார். "இந்த அடுக்களை என்னோடதாக்கும். நான் சொல்றேன், போட்டுக்கோங்கோ" என்றார். முப்பத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் சமைத்த மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் காலை நுழைத்தார்.

வீட்டுப் பிரச்சினை அதோடு முடிந்தது. கல்யாண மண்டபம் மாமியுடையது இல்லையே. அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ராமசேஷன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். செருப்போடு அடுப்படியில் நிற்கிறார் என்று ஒரே ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் காலை நான் விட முடியாது சிஸ்டர், பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்று அர்த்தம். இங்கே என்ன அர்த்தம் என்று இருபது வருடத்தில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

7

புதுப் படிவத்தில் 'வேலை செய்யும் இடத்தில் நேரில் பார்த்தது' என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தோம். அதற்காகக் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போனேன். வருவதாக அவரிடம் சொல்லவில்லை. சமையற்கூடத்துப் பின்வாசலில் என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரிய உருளியில் பிரதமன் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு உதவியாளர்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ராமசேஷன் சட்டுவத்தோடு நின்றிருந்தார். புகைக்குள் முதலில் அவர் தலைதான் தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். காலில் நீலப் பட்டை.

அவர் என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

அந்த நேரம் கல்யாணப் பெண்ணுக்கு மாமா முறையாகிற ஒருவர், வெள்ளை வேட்டியும் விபூதியுமாக, பிரதமன் ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பெரிய மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. உருளியைப் பார்த்தார், ராமசேஷனைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது.

"என்னதிது, ஓய்? அடுப்படியில செருப்போட நிக்கறீர்?"

 நான் போய்ப் பேசலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். ராமசேஷன் கிண்டுவதை நிறுத்தவில்லை. பிரதமன் அடிபிடித்துவிடும்.

"இது செருப்பில்லை, கேட்டேளா. இது என் கால். இது இருந்தாத்தான் நான் இங்கே நிப்பேன், நான் நின்னாத்தான் உங்களுக்குப் பிரதமன்."

மாமா அப்படியே நின்றார். அவர் கோபப்படப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பி, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு ராமசேஷன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தன்னுடைய வெறுங்காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். குதிகாலில் பழைய கட்டு ஒன்று அழுக்கேறிப்போய் இருந்தது.

"எனக்கும் சுகர் உண்டு. இது எங்கே கிடைக்கும்?"

ராமசேஷன் சட்டுவத்தாலேயே என்னைச் சுட்டிக்காட்டினார்.